தள்ளுவண்டி டிபன் கடை: ஏழு மாதமும் 86,500 ரூபாயும்

ஆவணியில் வளர்பிறை பார்த்து நல்ல நேரத்தில் கடை போட்டேன். மாசி முடிவதற்குள் வண்டியை விற்றாயிற்று. நடுவில் போனது 86,500 ரூபாய், நகைக்கடன் வட்டி இல்லாமல். அடுப்பு பற்றவைக்கும் முன்பே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி ஆள் கிடைக்கவில்லை. இதில் என் கதை கொஞ்சம்தான், கணக்குதான் அதிகம்.

"ஏன்யா ரோட்டுல கடை போடுறீங்க, ஒழுங்கா லைசென்ஸ் வாங்கி ஒரு கடை பிடிக்கலாமே" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். வேலை போன நாலாம் மாதம், கையில் 23,000 ரூபாய், வயது நாற்பத்தைந்து என்று இருந்து பாருங்கள். சான்றிதழ் கேட்காத, வயது கேட்காத, அன்றைக்குப் போட்ட காசை அன்றைக்கே கண்ணில் காட்டுகிற தொழில் இது ஒன்றுதான். வீட்டில் ஏற்கனவே தெரிந்த வேலை, புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. உலகத்தில் வேலை செய்கிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், இப்படி முறைசாராத் தொழிலில்தான் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குச் சொன்னது. கென்யாவில் இந்தத் தொழில்களுக்கு 'ஜுவா காலி' என்று பெயர். சுவாஹிலி மொழியில் சுட்டெரிக்கும் வெயில் என்று அர்த்தம். பெரு நாட்டின் லிமா நகரத்தில் 1983-இல் ஆய்வாளர்கள் சிலர், ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய எவ்வளவு நாள் பிடிக்கிறது என்று தாங்களே அலைந்து பார்த்தார்கள். 289 நாள். நம் ஊரில் அவ்வளவு ஆகாது. ஆனால் கடைக்கு வாடகையைப் போலப் பத்து மடங்கு அட்வான்ஸ், கடைக்கான கரண்ட் இணைப்பு, தொழில் உரிமம், பெயர்ப்பலகை என்று எல்லாமே வியாபாரம் தொடங்கும் முன்பே மொத்தமாக வைக்கச் சொல்கிற காசு. வண்டிக்காரனிடம் மொத்தம் கிடையாது, தினசரிதான் உண்டு. சில்லறையாகக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான். அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து கடை வாடகையைவிட அதிகமாகிவிடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் போட்ட முதல். பழைய வண்டியை வாங்கி, மேலே தகடு அடித்து, சக்கரம் மாற்றியதில் 22,000. தோசைக்கல் மூன்றடிக்கு இரண்டடி, 12 மில்லிமீட்டர் கனம், எடை ஐம்பது கிலோ, 6,500. அடுப்பு, ரெகுலேட்டர், குழாய் 4,000. பத்து லிட்டர் கிரைண்டர் பழையது 16,000. இட்லிக் கொப்பரை, குண்டா, தட்டு, ஹாட்பாக்ஸ் 11,500. இடத்துக்கு அட்வான்ஸ் 15,000. முதல் சரக்கு 5,000. ஆக 80,000. என் 23,000 போக, நகையை வைத்து 40,000, தினம் வசூலிக்கிற வட்டிக்கடனான தண்டலில் 17,000.

கல்லில் கனம் குறைந்தால் காசு மிச்சம் என்று 6 மில்லிமீட்டர் தகட்டை வாங்கிவிடாதீர்கள். நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது, ஒரு வருடத்தில் வளைந்து மாவு ஒரு பக்கமாக ஓடும். புதுக்கல்லை வாங்கிய அன்றே கடைக்குக் கொண்டுபோகவும் கூடாது. செங்கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் துடைத்து, நாலைந்து நாள் பழக்க வேண்டும். நான் இரண்டே நாளில் எடுத்துப்போனேன். முதல் நாள் ஊற்றிய முதல் இருபது தோசை பிய்ந்து வந்தது. நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

இடம். நடைபாதை யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்போம். அங்கே ஒவ்வோர் அடிக்கும் ஆள் உண்டு. மாலை ஆறு மணிக்கு ஷட்டர் இறக்குகிற ஒரு கடையின் வாசலை, கடைக்காரர் நாளைக்கு 150 ரூபாய்க்கு விட்டார். பல்புக்கு அவர் கடையிலிருந்தே லைன், அதற்கு 50. இடம் பிடிக்கும் முன் ஏழு நாள் மாலை அதே இடத்தில் நின்று தலை எண்ணுங்கள். வேலைக்குப் போகிற பக்கமா, வீடு திரும்புகிற பக்கமா என்று பாருங்கள். டிபன் கடைக்குத் திரும்புகிற பக்கம்தான் வேண்டும். டூவீலரை நிறுத்த எட்டடி இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்மாக் பக்கத்தில் முட்டை ஐட்டம் நன்றாக ஓடும், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் தகராறும் சேர்ந்து வரும், குடும்பக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், உங்களுக்கு முன்னால் அங்கே கடை போட்டவர் ஏன் போனார் என்று அவரையே தேடிப்பிடித்துக் கேளுங்கள். நான் இடத்துக்காரரிடம் கேட்டேன். "அவருக்கு உடம்பு சரியில்ல தம்பி" என்றார்.

இனி ஒரு நாள் கணக்கு. இட்லி அரிசி 5 கிலோவுக்கு உளுந்து ஒன்றேகால் கிலோ போட்டால் ஏறக்குறைய 15 கிலோ மாவு வரும். அதில் 5 கிலோ நூறு இட்லிக்கு, மீதி எண்பது, தொண்ணூறு தோசைக்கு. முட்டை முப்பது. எல்லாம் விற்றால் 2,800 ரூபாய். செலவில் அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய், பருப்பு, காய், முட்டை சேர்ந்து 1,150. கேஸ் 230, இலை பார்சல் சாமான் 130, தண்ணீர் கேன் 120, உதவி ஆளுக்கு 350, இடமும் லைட்டும் 200, கிரைண்டர் கரண்ட் 30. பிறகு 'இதர' என்று ஒரு 60. யாருக்கு என்று கேட்காதீர்கள், தினமும் போகாது, வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் போகும், அதை நாளுக்குப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆக 2,270. கையில் நிற்பது 530. காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில் தொடங்கி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை நானும் வீட்டுக்காரியும் பார்த்த வேலைக்கு இதில் கூலி கிடையாது. பல வண்டிக்கடைகள் வருஷக்கணக்கில் ஓடுவதன் ரகசியமே இதுதான்: வீட்டு ஆளின் கூலியை யாரும் செலவில் எழுதுவதில்லை. எழுதினால் பாதிக் கடை மறுநாளே மூடிவிடும்.

அந்த 530-ஐ அரிக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளைச் சொல்கிறேன். காற்று. திறந்த இடத்தில் தீ ஒரு பக்கம் சாய்ந்து எரிந்தால் கேஸ் வீணாகும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகடு வைத்த பிறகு, ஆறு நாள் வந்த 19 கிலோ சிலிண்டர் எட்டு நாள் வந்தது. காற்றுத் துளை மட்டும் கீழே விட வேண்டும். கூட்டம் நெரிகிற எட்டரை மணிக்குத் தீ இறங்கினால் சிலிண்டர் தீர்ந்ததாக நினைக்காதீர்கள். இரண்டு அடுப்பும் முழுசாக எரியும்போது சிலிண்டர் வெளியே பனி பூத்துக் குளிர்ந்துபோய்விடும். பச்சைத் தண்ணீர் உள்ள தொட்டியில் நிறுத்தினால் சரியாகும். வெந்நீர் வேண்டாம், நெருப்புக் காட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம். மாவு சித்திரை, வைகாசியில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். கார்த்திகை மழையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. தேங்காய்ச் சட்னியை ஒரே தடவையாக அரைத்தால் ஒன்பது மணிக்கு வாடை மாறிவிடும். ஆறு மணிக்குப் பாதி, எட்டு மணிக்குப் பாதி, ஆறிய வெந்நீர் விட்டு. மிஞ்சிய மாவு மறுநாள் ஊத்தப்பத்துக்கு ஆகும். மிஞ்சிய சட்னி சாக்கடைக்குத்தான். தட்டில் பிளாஸ்டிக் தாள் போடுவதை 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள்; இலைக்கு ஆகும் காசை முதலிலேயே விலையில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது மாதக் கணக்கு. இதில்தான் நான் கவிழ்ந்தேன். ஆவணியில் தொடங்குவது சாஸ்திரத்துக்குச் சரி, வியாபாரத்துக்கு வம்பு. அடுத்தது புரட்டாசி, முட்டை பாதிக்குப் பாதி படுத்துவிடும், லாபம் இருப்பதே முட்டையில். ஐப்பசியில் அடைமழை, தீபாவளி வாரத்தில் எல்லார் வீட்டிலும் பலகாரம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் முட்டை ஊற்றிய கல்லில் தோசை சாப்பிட மாட்டார்கள்; அவர்கள் கண்முன்னே தனிக்கல் இருந்தால்தான் நிற்பார்கள். (முட்டைக்குத் தனிக்கல் எப்படியும் வேண்டும், ஒரே கல்லில் ஊற்றினால் அடுத்த தோசை ஒட்டும்.) இந்த மூன்று மாதத்தில் கடை திறந்த நாள் மாதத்துக்குப் பதினெட்டைத் தாண்டவில்லை. துண்டு விழுந்தது 30,000. தை மாதத்தில் தொடங்கியிருந்தால் மழை வரும் முன் எட்டு மாதம் வாடிக்கை பிடிக்க நேரம் இருந்திருக்கும்.

முதலுக்கு வாங்கியது போதாதென்று, துண்டை அடைக்கவும் வந்தது தண்டல். 20,000 என்பார்கள், கையில் 17,000 கொடுப்பார்கள், தினம் 200 வீதம் நூறு நாள். "மூவாயிரம்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே போகிறது, முழு 17,000 உங்கள் கையில் ஒரு நாள்கூட இருப்பதில்லை. சரியாகக் கணக்குப் போட்டால் இது நூற்றுக்கு மாதம் பத்து வட்டி. அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டோம். அதிக வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, தண்டலும் அதில் அடக்கம். இருந்தும் ஏன் வாங்குகிறோம்? கேட்ட ஒரு மணி நேரத்தில் கடைக்கே வந்து கொடுக்கிறார்கள், காகிதம் கேட்பதில்லை, நமக்குக் காசு வருகிற மாதிரியே தினம் தினம் வாங்கிக்கொள்கிறார்கள். வங்கி மாதம் ஒரு முறை மொத்தமாகக் கேட்கும். மாதக் கடைசியில் வண்டிக்காரனிடம் மொத்தம் இருந்ததே கிடையாது. வசூலுக்கு வருகிறவர் சரியாக எட்டு மணிக்கு, கல்லாவில் காசு சேர்ந்த நேரம் பார்த்து வண்டி நிறுத்துவார். தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமல் இடது கையால் இருநூறை எடுத்து நீட்ட வேண்டும், அவர் அட்டையில் ஒரு கோடு போடுவார். மழை பெய்தாலும் வருவார். முதல் தண்டல் முடியும் முன் இரண்டாவது, இரண்டாவது முடியும் முன் மூன்றாவது. மார்கழியில் ஒரே நேரத்தில் இரண்டு அட்டை ஓடியது, நாளைக்கு 400. கையில் நிற்கும் 530-இல் அது போனால் என்ன மிஞ்சும்? அந்த மாதம் எட்டு மணி நெருங்கினாலே வயிறு பிசையும்.

தெருவோர வியாபாரிகளுக்கு பிஎம் ஸ்வநிதி என்று ஒரு கடன் 2020 ஜூனிலிருந்து இருக்கிறது. முதல் தவணை அப்போது 10,000. 2025 ஆகஸ்டில் 15,000 ஆக்கினார்கள், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. வட்டியில் 7 விழுக்காடு மானியம் உண்டு. ஈடு வேண்டாம். ஆனால் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளாட்சியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது முதல் தண்டல் பாதி ஓடியிருந்தது. நீங்கள் கடை போட்ட மறுநாளே கடிதத்துக்கு மனுக் கொடுத்துவிடுங்கள்; வருகிறவரை காத்திருக்க முடிகிற அளவுக்குக் கைக்காசு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாதத் தவணைக்கு உண்டியல் முறைதான் சரி: ராத்திரி கல்லா எண்ணியதும் அன்றைய பங்கைத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

வண்டியைத் தூக்கிய நாள். பெரிய மனிதர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்று சாலையைச் சுத்தம் செய்தார்கள். மாலை ஆறரை, முதல் கொப்பரை இட்லி இறக்கியாயிற்று. லாரி வந்து நின்றது. எட்டு கிலோ மாவு சாக்கடையோரம் வெள்ளையாக ஓடியது. பத்து நிமிடம் நடுரோட்டில் கரண்டியோடு நின்றேன், அழுகைகூட வரவில்லை. சிலிண்டரும் போனது, அதைத் திருப்பிக் கேட்கவும் வாய் இல்லை, ஏனென்றால் அது வீட்டு உபயோக சிலிண்டர். அன்றைக்கு கமர்ஷியல் தீர்ந்துபோய் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அது தப்பு, தெரிந்தேதான் செய்தேன். அவசரத்துக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். அதில் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தால் இந்த அவமானம் இல்லை. வண்டி பதினோரு நாள் கழித்து வந்தது, ஒரு பர்னர் இல்லாமல். அபராதம், காணாமல் போன சாமான், கொட்டிய சரக்கு எல்லாம் சேர்த்து 9,500.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்; கேட்டால் கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாளிலும், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு. நகர விற்பனைக் குழு என்று ஒன்று, அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள். லாரி வந்து நிற்கும்போது சட்டம் பேசினால் வேலைக்காகாது. ஆனால் மூன்று காரியம் முன்கூட்டிச் செய்து வைத்திருக்கலாம்: வண்டியையும் சாமானையும் மாதம் ஒரு தரம் தேதி தெரியப் படம் எடுத்து வைப்பது, மனுக் கொடுத்த ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவு (நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான்) இரண்டையும் லேமினேட் செய்து வண்டியிலேயே தொங்கவிடுவது, குழுவில் இருக்கிற வியாபாரிப் பிரதிநிதியின் போன் நம்பரை வாங்கி வைப்பது. பட்டியல் கேட்டு வாங்கியவர்களுக்கு பர்னர் காணாமல் போகவில்லை. என் கடையிலிருந்து நாலு வண்டி தள்ளிக் கடை போடும் அக்கா அப்படிப் பட்டியல் வாங்கினார். துனிசியாவில் 2010 டிசம்பரில் பழவண்டிக்கார இளைஞர் ஒருவர் தராசும் பழமும் பறிபோனதில் தீக்குளித்தார், அதில் அந்த நாட்டு ஆட்சியே போனது. அந்தச் செய்தியை அப்போது படித்தபோது, ஒரு தராசுக்காகவா என்று நினைத்தேன்.

யுபிஐ பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போக, அங்கே பலர் க்யூஆர் அட்டையையே கழற்றிவிட்டார்கள். நம் கணக்குக்கு நாளைக்கு 2,800 வீதம் முந்நூறு நாள் என்றாலும் 8 லட்சத்து 40 ஆயிரம். உணவகச் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். பயப்பட ஒன்றுமில்லை. மச்சான் பணம், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் அதே கணக்கில் ஓடவிட்டால்தான் வம்பு. கடைக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், பின்னால் வங்கியில் கடன் கேட்கும்போது காட்ட அது ஒன்றுதான் காகிதம்.

தை, மாசியில் வியாபாரம் நன்றாகவே இருந்தது, சில நாள் 3,500 தொட்டது. ஆனால் இரண்டு தண்டல் அட்டையும், கணுக்கால் வீக்கமும் சேர்ந்தபோது நிறுத்துவதே மேல் என்று பட்டது. வண்டி, கல், கிரைண்டர், பாத்திரம் எல்லாம் சேர்த்து 33,000-க்குப் போனது. அட்வான்ஸில் 9,000 திரும்பியது. 80,000-இல் இப்படி 38,000 நஷ்டம், மழை மாதத் துண்டு 30,000, பறிமுதல் 9,500, தண்டல் வட்டி 9,000.

வண்டியை வாங்கியவர் முப்பது வயதுப் பையன், அதே இடத்தில்தான் போடப்போவதாகச் சொன்னார். "நீங்க ஏன்ணே விடுறீங்க?" என்று கேட்டார். தண்டல் அட்டைகளை எடுத்துக் காட்டினேன். பிறகு கூட்டிப்போய் இடத்தையும் காட்டினேன். மழை பெய்தால் பின்கடை சன்ஷேடில் வழிகிற தண்ணீர் நேராக அடுப்பின் மேல் விழும். வண்டியை இரண்டடி வலப்பக்கம் தள்ளிப் போட வேண்டும், ஆனால் அந்த இரண்டடி பூக்கார அம்மாவுடையது. இப்போதே போய் அவரிடம் பேசிவிடச் சொன்னேன்.